ஒன்பதாவது முடிக்கும் மகளுக்குக் கையால் செய்து பழகுகிற கோடை அறிவியல் வகுப்பு எங்கே கிடைக்கும்?

பள்ளத்தூர் அப்பா (மார்ச் முதல் வாரம்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பள்ளத்தூர். மகள் காரைக்குடியில் ஒன்பதாவது படிக்கிறாள், ஏப்ரலில் பரீட்சை முடிந்துவிடும், மே மாதம் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். அறிவியலில் ஆர்வம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மனம் வரவில்லை. அவளுக்கு எதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், பிரித்ததை மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் அவள் குணம். அப்பத்தா வைத்திருந்த பழைய ரேடியோ இப்போது மூன்று டப்பாக்களில் இருக்கிறது, எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்திருக்கிறாள்.

போன வருடம் ஒரு பயிற்சி மையத்தில் செய்முறை அறிவியல், பத்து நாள் என்று விளம்பரம் பார்த்து 6,500 ரூபாய் கட்டினேன். நாற்பது பிள்ளைகள், ஒரே மேசை, ஒரே ஆசிரியர். அவர் செய்வார், பிள்ளைகள் எட்டி நின்று பார்ப்பார்கள், அப்புறம் போர்டில் எழுதிப் போட்டதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எலுமிச்சம்பழத்தில் பல்பு எரிய வைக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு பல்பு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று இவள் கேட்டிருக்கிறாள். பழம் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் வேறு பாடம் வந்துவிட்டது. கடைசி நாளில் எல்லோருக்கும் சான்றிதழ், ஒரு பிளாஸ்டிக் ரோபோ பொம்மை. அந்த எலுமிச்சம்பழக் கேள்வியை அவள் இன்னும் விடவில்லை, எனக்கும் பதில் தெரியவில்லை, நான் படித்தது பி.காம்.

இந்த வருடம் வெளியூரில் தங்கிப் படிக்கிற முகாம் ஒன்றுக்கு விசாரித்தேன், இரண்டு வாரத்துக்கு நாற்பதாயிரம் சொல்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் மறுபடியும் எட்டி நின்று பார்க்கத்தானா என்று பயமாக இருக்கிறது. பிள்ளை தன் கையால் செய்கிற மாதிரி நம் பக்கத்தில் ஏதாவது உண்டா? ஒரு வகுப்பு நல்லதா இல்லையா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டை டீச்சர்

சார், நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், பதினேழு வருடம் ஆகிறது. முதலில் அவசரமான ஒன்று. உங்கள் மகள் இப்போது ஒன்பதாவது என்றால் இஸ்ரோவின் யுவிகா திட்டத்துக்கு இந்த வருடம்தான் வாய்ப்பு, அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். 2019இல் ஆரம்பித்தார்கள். மே மாதம் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களில் தங்க வைத்து ஆய்வகங்களைக் காட்டி, விஞ்ஞானிகளோடு பேச வைத்து அனுப்புகிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பதிவு பொதுவாக பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நடக்கும், அதனால் இன்று இரவே இஸ்ரோவின் தளத்தைத் திறந்து பாருங்கள். தேர்வு முறையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி, மீதி ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் இயக்கம் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். ஊராட்சிப் பகுதியில் இருக்கிற பள்ளி என்றால் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு, இது நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் நாடு முழுவதிலிருந்தும் போட்டி, கிடைக்காமல் போனால் பிள்ளை மனம் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விதான். ஒரு செட் சாமான் எத்தனை பிள்ளைக்கு? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சரி, நான்கு வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் ஒருத்தர் செய்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த ஒருத்தர் எப்போதும் ஒரே பிள்ளையாகத்தான் இருக்கும். அடுத்தது, சோதனை தப்பாகப் போனால் என்ன செய்வீர்கள்? இதற்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் சோதனை தப்பாகவே போகாது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அங்கே அனுப்ப வேண்டாம். போன வருடம் உங்கள் மகளுக்கு நடந்தது அதுதான், பல்பு எரியாததில் ஒன்றும் தப்பில்லை, ஏன் எரியவில்லை என்ற இடத்தில் வகுப்பு நின்றிருக்க வேண்டும், தாண்டிப் போய்விட்டார்கள்.

2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கி வைத்த வானவில் மன்றம் நம் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது, பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்கிறார்கள், ஆனால் அது ஆறு முதல் எட்டு வரைதான். எட்டைத் தாண்டியதும் பிள்ளை ஒன்பதாவதில் பெஞ்சில் உட்கார்ந்து வரையறை எழுத ஆரம்பிக்கிறது. பன்னிரண்டாவது செய்முறைத் தேர்வு வரும்போது பிப்பெட்டைப் பிடிக்கவே கை நடுங்குகிறது. இந்த இடைவெளிதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். அதனால் போன மூன்று வருடமாக மே மாதம் முதல் வாரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நானே ஒரு வாரம் நடத்துகிறேன். கட்டணம் எதுவும் கிடையாது.

அதில் பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது ஆத்தங்குடிக் கல்தான். பட்டறைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்கிறார்கள். மறுநாள் அதை எடுத்து வெயிலில் போடாமல் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். ஒரு பையன் கேட்டான், இறுகணும்னா காயத்தானே போடணும், ஏன் டீச்சர் தண்ணியில போடுறாங்க? நான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கு வந்து பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து அதையே அச்சாக வைத்து ஒரே கலவையில் பன்னிரண்டு சிமெண்ட் குச்சிகள் வார்த்தோம். ஆறு வெயிலில், ஆறு தண்ணீரில். ஏழு நாள் கழித்து இரண்டு செங்கல் மேல் குச்சியை வைத்து, நடுவில் வாளியைக் கட்டி, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினோம். வெயில் குச்சிகள் முதலில் முறிந்தன, தண்ணீரில் கிடந்தவை அநேகமாக எல்லாமே அதைவிட அதிக டம்ளர் தாங்கின. ஒன்றே ஒன்று மட்டும் சீக்கிரம் உடைந்தது, முறிந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்று அதற்கப்புறம் நான் சொன்னபோது யாரும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை, எழுத வேண்டிய தேவை இல்லை.


புதுவயல் மில்

நான் சொல்வது கசப்பாக இருக்கலாம். அடுத்த வருடம் பத்தாவது. மே மாதம் என்பது பத்தாவது பாடத்தை ஒரு சுற்று முடித்துவிட வேண்டிய மாதம். என் பெரியவன் எட்டாவது ஒன்பதாவது விடுமுறையெல்லாம் இப்படி முகாம், கண்காட்சி என்று சுற்றினான், பத்தாவதில் கணக்கில் சறுக்கிவிட்டான், கேட்ட பிரிவு கிடைக்கவில்லை, அந்த வருத்தம் எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தது. ஆர்வம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கல்லூரியில் போய்ச் செய்துகொள்ளலாமே. அண்ணன் யோசித்து முடிவு செய்யுங்கள்.


துத்தநாகம்

நான் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், ஆய்வக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில், ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள்.

எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியும் ஒரு துத்தநாகத் துண்டும் குத்தினால் 0.9 வோல்ட் அளவுக்கு வரும். டார்ச் பல்பு என்றால் அதை மறந்துவிடலாம், பத்துப் பழம் வைத்தாலும் எரியாது, ஏனென்றால் அதற்கு வோல்ட் மட்டும் போதாது, ஓடுகிற மின்சாரமும் வேண்டும், பழத்துக்குள்ளிருந்து வருவது மில்லி ஆம்பியர் கணக்கில் அல்லது அதற்கும் குறைவு. சிவப்பு எல்.இ.டி. என்றால் அதற்கு 1.8 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும், இரண்டு பழம் கணக்குக்குச் சரியாக இருந்தாலும் சுமை ஏறியதும் வோல்ட் இறங்கிவிடும், நான்கு பழத்தை வரிசையாகக் கோர்த்து இருட்டறையில் பார்த்தால் மங்கலாகத் தெரியும். எல்.இ.டி.யின் நீளக் கால் நேர் பக்கம், அதாவது செம்புப் பக்கம் வர வேண்டும், மாற்றிப் போட்டாலும் எரியாது. ஆக, பழத்தின் மேல் தப்பில்லை. 300 ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். ஒரு பழத்துக்கு எவ்வளவு, இரண்டுக்கு எவ்வளவு, பழத்தை உருட்டி நசுக்கிய பிறகு எவ்வளவு, கம்பியை ஆழமாகக் குத்தினால் எவ்வளவு என்று அவளே அட்டவணை போடட்டும். குத்திய பழத்தை யாரும் சாப்பிடக் கூடாது, துத்தநாகம் அதில் கரைந்திருக்கும்.

நம் ஊரில் இருந்துகொண்டு மின்வேதியியலைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டாமல் விடுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த ஆய்வகம். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகிறார்கள். 2017 முதல் ஜிக்யாசா என்று ஒரு திட்டம் இருக்கிறது, சிக்ரி மாதிரியான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்களையும் பள்ளிகளையும் இணைக்கிற திட்டம், பள்ளித் தலைமையாசிரியர் கடிதம் எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். கோடையில் இல்லை என்றாலும் அதை விடாதீர்கள்.

இனி மே மாதத்துக்கு வருகிறேன். இரண்டு சோதனை சொல்கிறேன், இரண்டுமே வீட்டுத் திண்ணையில் நடக்கும்.

ஒன்று, துரு. ஆறு கண்ணாடி டம்ளர், ஆறு புது இரும்பு ஆணி. சாதாத் தண்ணீர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மேல் எண்ணெய் விட்டது, உப்புத் தண்ணீர் இவை மூன்று. நான்காவதில் உப்புத் தண்ணீர், ஆனால் ஆணியைச் சுற்றி ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. ஐந்தாவதிலும் உப்புத் தண்ணீர், ஆணியைச் சுற்றிச் செப்புக் கம்பி. ஆறாவது அவள் இஷ்டம். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் போட்டோ எடுக்கட்டும். ஜி.ஐ. கம்பியின் மேல் இருக்கிற துத்தநாகம் தான் கரைந்து ஆணியைக் காப்பாற்றும், செம்பு சுற்றிய ஆணி மற்றதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மண்டபத்தில் எங்கள் நிறுவனத்துக்கு அரிமான (உலோகம் அரிக்கப்படுவது பற்றிய) ஆராய்ச்சி நிலையம் இருப்பதே இந்தக் கதைக்காகத்தான், அந்தக் கடல் காற்றில் இரும்பை வைத்துப் பார்த்தால்தான் பூச்சு எது நிற்கும் எது நிற்காது என்று தெரியும்.

இரண்டு, செப்பு முலாம். இதில்தான் நிறைய இடங்களில் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள், தெரியாமல்தான் செய்கிறார்கள், இருந்தாலும் ஏமாற்றுதான். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு பேட்டரி இணைப்பார்கள், ஆணி செம்பு நிறமாகும், முலாம் ஏறிவிட்டது என்று கை தட்டுவார்கள். பேட்டரியே இல்லாமல் போட்டுப் பாருங்கள், அப்போதும் நிறம் மாறும். இரும்பு கரைந்து அந்த இடத்தில் செம்பு ஒட்டுகிறது, அவ்வளவுதான், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பித்தளைச் சாவி வைத்துச் செய்ய வேண்டும், நம் ஊர் வீடுகளில் பித்தளைச் சாவிக்குப் பஞ்சமா? சாவியை எலுமிச்சைச் சாறும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, எதிர் முனையில் சாவி, நேர் முனையில் தடித்த செப்புக் கம்பி, நடுவில் மல்டிமீட்டர். மின்சாரத்தைக் குறைவாக வைக்க வேண்டும், கூட்டினால் கறுப்பாகப் பொடி பொடியாக ஏறும். 0.1 ஆம்பியர் அரை மணி நேரம் என்றால் ஓடிய மின்னூட்டம் 180 கூலும், அதற்குக் கணக்குப்படி ஏற வேண்டிய செம்பு சுமார் 59 மில்லிகிராம். நகைப் பத்தர் தராசில் 10 மில்லிகிராம் வரை தெரியும். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கட்டும்.

மயில்துத்தம் விஷம். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் செய்யக் கூடாது. மிச்சக் கரைசலை வாய்க்காலிலோ ஊரணியிலோ ஊற்றவே கூடாது, மீன் செத்துவிடும். புட்டியில் மூடி வைத்து அடுத்த தடவைக்குப் பயன்படுத்துங்கள்.

புதுவயல் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற எம்.எஸ்சி. பிள்ளைகள் பலருக்குக் கருவியைத் தொடவே பயம், உடைந்தால் திட்டுவார்களோ என்கிற பயம், அது பதினான்கு வயதில் போக வேண்டியது. இருபத்திரண்டில் போக வைக்க ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கிறது.


கானாடுகாத்தான் வேதியியல்

நான் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருடம். துத்தநாகம் ஐயா சொன்ன பயம் எனக்கு இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

பதினொன்றாவதில் எனக்கு இன்ஸ்பயர் முகாம் கிடைத்தது, பத்தாவது பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருகிறவர்கள் பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்தால் கூப்பிடுகிற ஐந்து நாள் முகாம். பெரிய பெரிய பேராசிரியர்கள் வந்து பேசினார்கள். ஆனால் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருப்பது ஒரு பிற்பகல், எங்கள் கையில் பியூரெட்டை, அதாவது அளவு குறித்த திருகு வைத்த கண்ணாடிக் குழாயை, கொடுத்து நீங்களே தரம்பார்த்தல் (சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிப்பது) செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். முதல் தடவை ஒரு சொட்டு அதிகமாகி முழுக்க அடர் இளஞ்சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் குடுவையைச் சுழற்றிச் சுழற்றி, அரைச் சொட்டைக் குழாய் நுனியில் தொங்கவிட்டு, தண்ணீரால் கழுவி இறக்கினேன், ரோஜாப்பூ இதழின் ஓரம் மாதிரி ஒரு வெளிர் நிறம் வந்து நின்றது. அந்த அரைச் சொட்டுதான் நான் வேதியியல் எடுத்ததற்குக் காரணம். அதனால் புதுவயல் அண்ணா, மதிப்பெண்ணும் வேண்டும், உண்மைதான், அது இல்லாமல் எனக்கு அந்த முகாமே கிடைத்திருக்காது. ஆனால் இரண்டையும் எதிரும் புதிருமாக வைக்காதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் கணக்கு, சாயங்காலம் சோதனை என்று வைத்தால் மே மாதம் தாராளமாகப் போதும்.

தங்கைக்கு இன்னும் இரண்டு வழி. பத்தாவது வரை படிக்கிறவர்கள் எழுதக்கூடிய இளநிலை அறிவியல் ஒலிம்பியாட் தேர்வு நவம்பர் வாக்கில் நடக்கும், அதில் கட்டம் கட்டமாகத் தேறி மேலே போகிறவர்களுக்கு மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் முகாம், அங்கே சோதனைப் பயிற்சி நிஜமாகவே கடினமாக இருக்கும். அப்புறம் காகித நுண்ணோக்கி, ஃபோல்டுஸ்கோப் என்பார்கள், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்டது. தாளை மடித்துச் செய்கிற நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாகக் காட்டும், போன் கேமராவில் ஒட்டிப் படமும் எடுக்கலாம். எங்கள் ஊர் ஊரணித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், பச்சைப் பாசி இழைக்குள் திருகு திருகாகச் சுருள், அதற்குப் பக்கத்தில் செருப்பு வடிவத்தில் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியது. பாடப் புத்தகத்தில் பார்த்த அதே பரமேசியம், ஆனால் புத்தகத்தில் அது ஓடவில்லை.

செலவே இல்லாத ஒன்று கேட்டால், ஏப்ரல் 16 வாக்கில் நம் பகுதியில் நிழலில்லா நாள். நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், காரைக்குடிக்கு அந்த நேரம் 12 மணி 15 நிமிடம், 12 மணி கிடையாது, இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால் போதும். அதே நாளில் சென்னையில் யாராவது அவர்களுடைய நடுப்பகலில், அதாவது 12 மணி 9 நிமிட வாக்கில், இன்னொரு ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது 3 பாகைக் கோணம். வரைபடத்தில் வடக்கு தெற்குத் தூரத்தை மட்டும் அளந்தால் 334 கிலோமீட்டர் அளவு. 3 பாகைக்கு 334 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு வந்துவிடும், இரண்டு குச்சியில்.


பள்ளத்தூர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், யுவிகாவுக்கு நேற்றே பதிவு செய்துவிட்டோம். வெளியூர் முகாமுக்குப் போன் செய்து நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். ஒரு செட்டுக்கு எட்டுப் பேர் என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு, எல்லாம் ஏற்கெனவே சரிபார்த்த சோதனைகள் சார், தப்பாகப் போகாது என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுவயல் அண்ணே, நீங்கள் சொன்னதையும் ஒதுக்கவில்லை, காலையில் கணக்கு என்று அவளே ஒப்புக்கொண்டாள். துத்தநாகம் ஐயா, மே மாதம் ஒரு ஞாயிறு உங்களை வந்து பார்க்க அனுமதி கிடைக்குமா?


துத்தநாகம்

தாராளமாக வாருங்கள். சாவியை நீங்களே கொண்டு வாருங்கள், துருப்பிடித்த பூட்டுச் சாவி வேண்டாம், பித்தளை. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். அவள் வயதுப் பிள்ளை இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள், ஆளுக்கு ஒரு பீக்கர் என்னிடம் இருக்கிறது.


பள்ளத்தூர் அப்பா (ஜூன், பள்ளி திறந்த பிறகு)

என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. யுவிகா கிடைக்கவில்லை, இரண்டு நாள் முகம் வாடியிருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள்.

ஏப்ரல் 16 அன்று முற்றத்தில் குச்சி நட்டோம். குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் தூக்குக்குண்டைக் கொண்டு வந்து இரண்டு பக்கமும் பிடித்துச் சரி செய்து கொடுத்தார். 12 மணிக்கே எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். நிழல் சுருங்கிச் சுருங்கி 12.15க்குக் குச்சியின் அடியில் ஒரு வட்டமாக ஒடுங்கியது, அப்பத்தா எண்பத்தொரு வயதில் இதே முற்றத்தில் இதை முதல் தடவையாகப் பார்த்தார். சென்னையில் அளக்க ஆள் கிடைக்கவில்லை, மைத்துனர் அன்றைக்கு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார்.

மே மாதம் இரண்டு ஞாயிறு துத்தநாகம் ஐயா வீட்டுக்குப் போனோம். மகளோடு மூன்று பிள்ளைகள். முதலில் வேண்டுமென்றே இரும்பு ஆணியைக் கொடுத்துச் செய்யச் சொன்னார். செம்பு ஏறியது, ஐயா ஒரு துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், துணியோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் மகள்தான் பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்னொரு ஆணியைப் போட்டாள். அதுவும் சிவந்தது. அப்போ பேட்டரி என்ன வேலை பார்த்துச்சு என்று அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் பித்தளைச் சாவி. பத்தர் கடையில் முன்னால் நிறுத்தது 18.42 கிராம். 0.1 ஆம்பியரில் நிற்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது, கம்பியை மேலே தூக்கி, கீழே இறக்கி, அரை மணி நேரம் மூன்று பேரும் மாறி மாறி மீட்டரைப் பார்த்தபடியே நின்றார்கள். கழுவிக் காயவைத்து மறுநாள் நிறுத்தோம், 18.47. கணக்குப்படி 0.06 வர வேண்டும், வந்தது 0.05. பத்தர் தராசைத் துடைத்து இன்னொரு தடவை வைத்தார், மறுபடியும் 18.47. மீதி எங்கே போனது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள், கழுவும்போது ஓரத்தில் கொஞ்சம் பொடியாக உதிர்ந்தது, மீட்டர் சில நேரம் 0.08க்கு இறங்கியது, தராசுக்கே 0.01க்குக் கீழே தெரியாது என்று மூன்று காரணம் போட்டு, எது எவ்வளவு என்று பிரிக்க அடுத்த சோதனை என்ன செய்யலாம் என்பதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். எலுமிச்சம்பழமும் எரிந்தது, நான்கு பழம், இருட்டறை, ஐயா சொன்ன மாதிரியே மங்கலாக.

பத்தாவது வகுப்பு ஆரம்பித்துவிட்டது. காலையில் கணக்கு அப்படியே தொடர்கிறது.

ஒரு உதவி மட்டும் வேண்டும். ஆகஸ்ட் 26, 27 வாக்கில் மறுபடியும் நம் பக்கம் நிழலில்லா நாள் வருகிறது. அன்றைக்குச் சென்னையில் மொட்டை மாடியும் ஒரு மீட்டர் குச்சியும் தூக்குக்குண்டும் இருக்கிற யாராவது, நடுப்பகல் 12 மணிக்கு ஆரம்பித்து 12.20 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து இங்கே போட முடியுமா? இருப்பதிலேயே குட்டையான நிழல்தான் கணக்குக்கு வேண்டும் என்று மகள் சொல்லச் சொன்னாள்.